கொம்பி வேனுக்கு ஆர்பிஎம் மீட்டர் பூட்டிய கதை

மூன்று மாதம் நான் என் கொம்பியை, அதாவது பழைய ஃபோக்ஸ்வேகன் வேனை, ஓட்டிய அழகு இதுதான்: பினாங்குப் பாலத்தில் இடது ஓரத் தடம், நாலாவது கியர், 55 கி.மீ. வேகம். பின்னால் வந்த லாரிகள் ஹாரன் அடித்துத் தாண்டிப் போயின. மகன் கூச்சத்தில் சீட்டுக்குக் கீழே வழுக்கிக்கொண்டே போவான். எனக்குக் கவலையில்லை. வண்டி 1974-ஆம் வருடத்தது, என்னைவிட மூத்தது. மூத்தவர்களை மெதுவாகத்தான் நடத்திக் கூட்டிப் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வண்டியைப் பார்க்கிற ஃபோமன் அண்ணன் பிறையில் இருக்கிறார். நாற்பது வருடமாகக் காற்றில் குளிரும் எஞ்சின்களைக் கழற்றிப் பூட்டுகிறவர். ஒருநாள் சிம்பாங் அம்பாட் வரை என்னோடு வந்தார். ஒரு சிறிய ஏற்றத்தில் நான் நாலாவது கியரிலேயே மிதித்து ஏற்றியதைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. இறங்கும்போதுதான் சொன்னார்:

"தம்பி, நீங்க வண்டிய காப்பாத்துறதா நெனச்சிக்கிட்டு இருக்கீங்க. வறுத்துக்கிட்டு இருக்கீங்க லா."

விளக்கம் கேட்டேன். இந்த எஞ்சினுக்கு ரேடியேட்டர் கிடையாது. எஞ்சினோடு சேர்ந்து சுற்றுகிற கிராங்க் புல்லியிலிருந்து ஒரு பெல்ட் டைனமோவுக்குப் போகிறது. அதே டைனமோவின் மறுமுனையில் விசிறி. எஞ்சின் ஒரு சுற்று சுற்றினால் விசிறி ஏறத்தாழ 1.8 சுற்று சுற்றும். எஞ்சின் தூங்கினால் விசிறியும் தூங்கும். ஆயில் பம்பும் அப்படியே. ஏற்றத்தில் நாலாவது கியரில் பெடலை அடிவரை அழுத்தினால், உள்ளே எரிகிற பெட்ரோல் கூடும், வெளியே வீசுகிற காற்று கூடாது. அண்ணன் சொன்ன உவமையில்: "கேஸ் அடுப்ப முழுசா தொறந்துட்டு ஃபேன ஒண்ணுல வச்ச மாதிரி."

பாதி நம்பினேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக அளவுக் கருவிகளோடு பிழைப்பவன் நான். எண் கண்ணில் படாமல் எனக்கு எதுவும் முழுசாக ஏறாது. வேனிலோ ஸ்பீடோமீட்டரும் பெட்ரோல் முள்ளும் தவிர எதுவும் இல்லை. ஆகவே மூன்று மீட்டர் பூட்டுவது என்று முடிவு: ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது), கருப்பு எண்ணெயின் (எஞ்சின் ஆயில்) சூடு, மூன்றாவது சிலிண்டர் ஹெட்டின் (சிலிண்டரின் தலைமூடி) சூடு.

ஹெட் சூட்டுக்கு வாங்கியது சாதாரணத் தெர்மோகப்பிள், சூட்டை அளக்கிற வயர். ஸ்பார்க் பிளக்கின் அடியில் வாஷர் மாதிரி உட்காரும். மூன்றாவது சிலிண்டரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பழைய எஞ்சின்களில் ஆயில் கூலர் விசிறிக் கூட்டுக்குள்ளேயே அந்தப் பக்கம் நின்று காற்றை மறித்தது. 1971 வாக்கில் கூலரைத் தனிக் கூட்டுக்குள் தள்ளி ஓரளவு சரிசெய்தார்கள். என் வண்டி அந்தத் திருத்தத்துக்குப் பிந்தியதுதான். இருந்தாலும் கொம்பிக்காரர்கள் மூன்றாவதையே முதலில் சந்தேகிப்பார்கள். கருப்பு எண்ணெய்க்கு, எஞ்சின் அடித்தட்டில் சென்சார் ஏற்கிற துளையுள்ள தட்டு ஒன்று மாற்றினேன். எண்ணெயை வடித்ததோடு வடிகட்டியையும் கழுவியாயிற்று. இந்த எஞ்சினுக்கு 2.5 லிட்டர்தான் எண்ணெய். அவ்வளவு கொஞ்சம் இருக்கிற இடத்தில் ஒவ்வொரு டிகிரியும் கணக்குதான்.

ஆர்பிஎம் மீட்டர் லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் அகப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை, பழைய கடிகாரங்களுக்கும் ஒற்றைச் சப்பாத்துகளுக்கும் நடுவில் ஒரு விடிஓ கம்பெனி மீட்டர். 60 வெள்ளி சொன்னார், 45-க்கு முடிந்தது. வேலை செய்யுமா என்று கேட்டதற்கு, "பூட்டிப் பாருங்க" என்றார்.

எஞ்சின் பின்னால், மீட்டர் முன்னால். வயர் முழு நீளத்துக்கும் ஓட வேண்டும். ஜெர்மன்காரர்கள் ஒவ்வொரு முனைக்கும் எண் வைத்திருப்பது இந்த வேலையில் பெரிய ஆறுதல். பொறிக்கு மின்சாரம் தருகிற காயிலில் 15 என்பது சாவி போட்டால் மின்சாரம் வரும் முனை. 1 என்பது, பொறியைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனை. மீட்டருக்கு சிக்னல் 1-இலிருந்துதான் வர வேண்டும். 31 எர்த், 58 விளக்கு. நான் முதலில் 15-இல் கொடுத்து, முள் அசையாததைப் பார்த்து, சந்தைக்காரரை அரைமணி நேரம் மனதுக்குள் திட்டினேன். பிறகு டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் என் தப்பு தெரிந்தது. வயரைத் தரைக்கு அடியில் பழைய வயர்க்கட்டோடு சேர்த்துக் கட்டினேன். எக்ஸாஸ்ட் பக்கம் போகாமல் ஒரு கை தள்ளி.

முள் எழுந்தது. ஐடலிங்கில், அதாவது பெடலை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, 570 காட்டியது. 850 இருக்க வேண்டும். ஆஹா, இத்தனை நாள் வண்டி இதனால்தான் நடுங்கியதா என்று கார்புரேட்டர் திருகைத் திருப்பி 850-க்கு ஏற்றினேன். அந்த வாரம் முழுக்க சிவப்பு விளக்கில் வண்டி பம்பு மோட்டார் மாதிரி கத்தியது. புதிய ஆர்பிஎம்முக்குக் காது பழகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எந்த வேகத்துக்கு எத்தனை சுற்று வர வேண்டும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டபோதுதான் குட்டு உடைந்தது. இதற்கு மூன்று எண் வேண்டும்: நாலாவது கியர் விகிதம், டிஃபரன்ஷியல் (சுழற்சியை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கிற பற்சக்கரத் தொகுதி) விகிதம், டயர் ஒரு சுற்றில் உருளும் தூரம். 1600 சிசி வண்டிக்கு 0.82, 5.375 என்று கையேட்டுக் கணக்கு. பெருக்கினால் 4.41. ஆனால் ஐம்பது வருட வண்டியில் யார் எந்தக் கியர்பெட்டியை மாற்றினார்களோ? எண்ணிப் பார்த்துவிடலாம் என்று பிளக்குகளைக் கழற்றி, ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜேக்கில் தூக்கி, நாலாவது கியரில் போட்டேன். ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கும் என்பதால் அதைப் போட முடியாது. தரையில் நின்ற மூன்று சக்கரங்களுக்கும் மரக்கட்டை முட்டுக் கொடுத்தேன். நான் சக்கரத்தைச் சுழற்ற, மகன் கிராங்க் புல்லியில் வெள்ளைக் கோட்டைப் பார்த்து எண்ணினான். சக்கரம் 20 சுற்று, புல்லி 44.

"அப்பா, 2.2 தான் வருது."

கணக்கு பாதியாக வந்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. பிறகுதான் உறைத்தது. ஒரு சக்கரம் தரையில் அசையாமல் நிற்கும்போது, டிஃபரன்ஷியல் மற்ற சக்கரத்தை இரண்டு மடங்கு சுற்றும். அப்படியானால் 2.2 இரண்டு மடங்காகி 4.4. கியர்பெட்டி கையேட்டில் உள்ளபடிதான். மகனுக்கு டிஃபரன்ஷியல் புரிந்தது அன்றுதான். இயற்பியல் பாடம் இலவசம்.

டயர் உருளும் தூரத்தை அப்பார்ட்மெண்ட் கார் நிறுத்துமிடத்தில் அளந்தோம். டயரிலும் தரையிலும் சுண்ணக்கட்டிக் கோடு. ஐந்து சுற்று தள்ளி நாடா பிடித்தால் 9.90 மீட்டர். சுற்றுக்கு 1.98. இது 185 ஆர் 14 சி டயர். சரக்கு வேன்களுக்குப் போடுகிற வகை என்பதால் எந்த டயர் கடையிலும் கிடைக்கும். முந்தைய சொந்தக்காரர் போட்டிருந்த கார் டயரை முதல் வாரமே கழற்றி எறிந்திருந்தேன். அது உயரம் குறைந்தது, சுற்று கூடும்; அதைவிட முக்கியம், இந்த வண்டியின் பாரத்துக்கு அது ஆகாது. காற்று முன்னால் 30, பின்னால் 40 பிஎஸ்ஐ வைக்கிறேன்.

கணக்கு இதோ. 80 கி.மீ. வேகம் என்றால் நிமிடத்துக்கு 1,333 மீட்டர். 1.98-ஆல் வகுத்தால் சக்கரம் 673 சுற்று. அதை 4.41-ஆல் பெருக்கினால் எஞ்சின் 2,970. சுருக்கமாக, நாலாவது கியரில் ஒரு கிலோமீட்டர் வேகத்துக்கு 37 சுற்று. மூன்றாவது கியரில் 57.

அடுத்த நாள் ஜிபிஎஸ் 80 காட்டுகிற இடத்தில் என் 45 வெள்ளி மீட்டர் காட்டியது: 1,980.

கிளட்ச் வழுக்கினால் எஞ்சின் சுற்று கூடும், குறையாது. 1,980-ஐ 2,970-ஆல் வகுத்துப் பார்த்தேன். சரியாக மூன்றில் இரண்டு. பிழை இவ்வளவு வட்டமாகத் தற்செயலில் வராது. நாலு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு பொறி தரும், ஆறு சிலிண்டர் மூன்று தரும். மீட்டர் ஆறு சிலிண்டர் காரிலிருந்து வந்திருக்கிறது! கழற்றிப் பின்பக்கம் பார்த்தால் ஒரு சிறு துளைக்குள் 4, 6, 8 என்று சுவிட்ச். நகவெட்டி முனையால் 4-க்குத் தள்ளினேன். ஐடலிங் 1,270 என்று முள் துள்ளியது. ஒரு வாரம் வண்டி ஏன் கத்தியது என்று விளங்கிவிட்டது. அண்ணனிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.

அந்தச் சாக்கில் ஸ்பீடோமீட்டரின் குணமும் தெரிந்தது. உண்மையில் 80 போகும்போது அது 86 காட்டும். இந்த வண்டியில் ஸ்பீடோ கேபிள் முன்னால் இடதுசக்கரத்தின் மூடியிலிருந்து வருகிறது, ஆகவே டயர் மாற்றினால் அதன் பேச்சும் மாறும். நான் பாலத்தில் '55' என்று பெருமைப்பட்டது நிஜத்தில் 51. சுற்று 1,900.

சோதனை ஓட்டம் மூன்று சனிக்கிழமை. பாலம் 13.5 கி.மீ., வேக வரம்பு 80. தாண்டிய பிறகு ஜூருவிலிருந்து தெற்கே நெடுஞ்சாலை, அங்கே 110 வரை போகலாம். பாலத்து டோல் தீவுக்குத் திரும்பும்போது மட்டும்தான். காலை பத்துக்குப் பிறகு, வெயில் 32, 33 டிகிரி, மனைவியும் மகனும் தண்ணீர்த் தொட்டியும் ஏற்றிய பாரத்தோடு. மகன் நோட்டுப் புத்தகத்தில் எழுதினான்.

முதல் ஆச்சரியம்: சமதளத்தில் நாலாவது கியரில் 60 போவது ஒரு குற்றமே இல்லை. கால் லேசாகத்தான் பெடலில் இருக்கும். ஹெட் 150 டிகிரியைத் தாண்டவில்லை. அண்ணன் சொன்னதை நான் 'குறைந்த ஆர்பிஎம் கெட்டது' என்று தப்பாக எடுத்திருக்கிறேன். பாலம் நடுவில் உயர்கிற இடத்தில், அதே 60-ஐ விடாமல் பிடிக்கக் கால் கீழே போகப் போக, ஒரு நிமிடத்துக்குள் 178. நெடுஞ்சாலையில் நீளமான ஒரு ஏற்றத்தில் பெடல் தரையைத் தொட, இரண்டே நிமிடத்தில் 206. கூடவே பின்னாலிருந்து டிக், டிக் என்று கண்ணாடிக் குண்டு உருள்கிற மாதிரி ஒரு தட்டல். உடனே மூன்றாவது கியருக்கு இறக்கினேன். அதே 60, சுற்று 2,200-இலிருந்து 3,400-க்கு எகிறியது, சத்தம் காதை அடைத்தது. மனைவி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "என்னங்க, வண்டி ஒடையப் போகுது!" ஆனால் ஹெட் முள் மெல்ல இறங்கி 181-இல் நின்றது. அதிகம் கத்துகிற எஞ்சின் குறைவாகச் சுடுகிறது என்பதைக் கண்ணால் பார்த்தபோது, அண்ணனிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

எண்ணெய் மீட்டர் இதில் ஏமாற்றுக்காரன். ஹெட் 206 காட்டுகிறபோது எண்ணெய் சாதுவாக 98-இல் நின்றது. பத்து நிமிடம் கழித்துத்தான் 108-க்கு வந்தது. அதை மட்டும் பூட்டியிருந்தால், ஏற்றம் முடிந்து இறங்குகிற இடத்தில்தான் எனக்குச் செய்தி வந்திருக்கும்.

வேகத்தின் மறுபக்கம் வேறு கதை. 90-இல் எண்ணெய் 104-க்கு வந்து நின்றது. 100-இல் 116 தாண்டியும் நிற்காமல் ஏறியதால் நான்தான் நிறுத்தினேன். சுற்று 3,700, விசிறி நன்றாகத்தான் வீசுகிறது. ஆனால் இந்த வண்டியின் முகம் ரொட்டிப் பெட்டி. காற்றைக் கிழிக்கத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கில் ஏறுகிறது: 85-ஐ விட 100-க்கு 1.6 மடங்கு. எஞ்சினின் மொத்தச் சொத்தே 50 குதிரைச் சக்தி, அதுவும் 4,000 சுற்றில். கம்பெனிக் கையேடு உச்ச வேகமும் தொடர்ந்து போகிற வேகமும் ஒன்றே என்று துணிச்சலாக எழுதியது. ஹனோவர் குளிரில் அது சரியாக இருக்கலாம். மதியம் ஒரு மணிக்கு, சமையல் சாமான் ஏற்றிய வண்டியில், தைப்பிங் வெயிலில் நான் அதை நம்பத் தயாராக இல்லை.

ஆனாலும் எல்லா எண்ணும் கொஞ்சம் கூடுதலாக இருப்பதாகப் பட்டது. நோட்டை அண்ணனிடம் காட்டினேன். அவர் எண்களைப் படிக்கவில்லை. எஞ்சின் மூடியைத் திறந்து ஓரங்களில் விரலை விட்டார். விரல் மறுபுறம் தெரிந்தது. எஞ்சினைச் சுற்றியுள்ள தகரத்துக்கும் பாடிக்கும் நடுவில் இருக்க வேண்டிய ஸ்பஞ்சு ரப்பர் ஒரு துளி இல்லை. கீழே எக்ஸாஸ்ட் சூடேற்றிய காற்று அந்த இடுக்கு வழியாக மேலே வந்து, அதையே விசிறி உறிஞ்சிக் குடித்திருக்கிறது. நான் தெர்மோமீட்டரைத் தொங்கவிட்டு அளந்தேன்: வெளியே 33, விசிறி வாயில் 57. ரப்பரைத் தாய்லாந்திலிருந்து வரவழைத்து, ஒரு சாயங்காலம் முழுக்க வேர்வையில் குளித்துச் செருகிய பிறகு 43.

இரண்டாவது குற்றவாளி டைமிங், பொறி விழுகிற நேரம். யாரோ ஐடலிங்கில் காதால் கேட்டு வைத்திருக்கிறார்கள். இதில் இருப்பது 009 டிஸ்ட்ரிபியூட்டர். சுற்று ஏற ஏற இது பொறியை முன்கூட்டியே விழ வைக்கும்; அந்த முன்னேற்றம் வேகமான சுற்றில்தான் முழுதாக வரும், அந்த முழு அளவில்தான் பார்க்க வேண்டும். புல்லியில் 30 டிகிரி அடையாளம் இல்லை. அண்ணன் வழி எளிது: மனைவியின் தையல் நாடாவால் புல்லியின் சுற்றளவை அளந்து, 12-ஆல் வகுத்து, பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் காட்டும் மேல்மையக் கோட்டிலிருந்து வலப்பக்கம் அவ்வளவு தள்ளி வெள்ளைப் பெயிண்ட். 3,500 சுற்றுக்கு ஏற்றி டைமிங் லைட் அடித்தால், 30-இல் நிற்க வேண்டியது 38 பக்கம் நின்றது. ஏற்றத்தில் கேட்ட கண்ணாடிக் குண்டுச் சத்தம் இதுதான். திருப்பி 30-க்கு வைத்தோம். இரண்டு வேலையும் முடித்து அதே ஏற்றத்தில் மூன்றாவது கியரில் ஏறியபோது 181 இருந்த இடத்தில் 164.

வால்வு இடைவெளியையும் அன்றே பார்த்தோம். குளிர்ந்த எஞ்சினில் எட்டும் 0.15 மி.மீ. இருக்க வேண்டும்; வண்டி வாங்கியபோது அண்ணனே வைத்தது. ஏழு சரி. மூன்றாவது சிலிண்டர் எக்ஸாஸ்ட் வால்வு மட்டும் 0.10. அண்ணன் இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜை என் கையில் கொடுத்து, "நீங்களே பாருங்க" என்றார். சூட்டில் வால்வு நீண்டால் இடைவெளி இப்படித்தான் சுருங்கும். மூன்று மாதம் மூத்தவரைக் கைபிடித்து நடத்திய லட்சணம்.

நாலாவது கியரையே நீளமாக மாற்றினால் நெடுஞ்சாலையில் சுற்று குறையுமே என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். அண்ணன் சிரித்தார். சுற்று குறைந்தால் விசிறியும் குறையும், ஏற்றத்துக்கு நாலாவது உதவவே உதவாது, 50 குதிரைக்கு அது பொருந்தாத சட்டை என்றார்.

போன மாதம் செந்தூலில் சொந்தக்காரர் கல்யாணம். பினாங்கிலிருந்து 350 கி.மீ. மூன்று மீட்டரையும் பார்த்துக்கொண்டே போனேன். ரோன் 95 பெட்ரோல் போதும். இந்த எஞ்சினின் அழுத்தத்துக்கு 97 ஊற்றுவது காசைக் கரியாக்குவது. எந்த வேகம் சுகம் என்பதை முடிவு செய்தது எஞ்சின் மட்டும் இல்லை. 92-ஐத் தொட்டால் சமையல் மேடைக் கதவு ரீங்காரமிடுகிறது. 3,400-இல் பாடி முழுக்க ஒரு முனகல், முன்சீட்டிலிருந்து பின்சீட்டுக்குக் கத்திப் பேச வேண்டும். 75-க்குக் கீழே லாரிகள் முதுகில் ஏறுகின்றன. அவர்கள் தாண்டும்போது காற்று வண்டியைத் தள்ளிவிட்டு இழுக்கிறது. 82-க்கும் 88-க்கும் நடுவில் எல்லாம் அடங்குகிறது: சுற்று 3,050 முதல் 3,250, எண்ணெய் 98, ஹெட் 155. பெடலில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. மனைவி தூங்கிவிட்டாள், அதைவிட நல்ல மீட்டர் என்னிடம் இல்லை.

கோலக் கங்சார் தாண்டி மெனோரா சுரங்கத்துக்கு ஏறுகிற மலைதான் பரீட்சை. ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே, 65-க்கு விழுவதற்குள், மூன்றாவதில் போட்டுவிட்டேன். சுற்று 3,700-இலிருந்து இறங்கி 3,400-இல் நிலைத்தது. வேகம் 60. இடது தடத்தில் சிமெண்டு லாரிகளோடு நானும் ஒரு லாரி. ஹெட் 172 வரை போனது, அதற்குமேல் போகவில்லை. இறக்கத்தில் காலை எடுத்ததும் ஹெட் சூடு விழுகிற வேகத்தைப் பார்க்கவே ஆனந்தமாக இருந்தது. தாப்பா ஓய்விடத்தில் தே தாரிக் குடித்து, பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்து, மறுபடி ஏறினோம். நின்ற நேரத்தையும் சேர்த்து ஐந்தரை மணி நேரம். பெட்ரோல் லிட்டருக்கு 8.5 கி.மீ.

திரும்பி வந்த மறுநாள் காலை, எஞ்சின் ஆறிய பிறகு அண்ணன் பட்டறையில் வால்வு மூடியைத் திறந்தோம். 700 கி.மீ. ஓடியிருக்கிறது. ஏழு வால்வு 0.15. மூன்றாவது எக்ஸாஸ்ட் 0.13. அண்ணன் கேஜை இரண்டு தடவை விட்டுப் பார்த்தார், திரும்ப 0.15-க்கு வைத்தார், நட்டை இறுக்கினார்.

"ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க. மறுபடியும் சுருங்குனா ஹெட்ட எறக்கிடுவோம்."

இதுவரை 310 ஓடியிருக்கிறது.